ஒரே ஆளை வைத்து ஆய்வு: மலைப்பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் செவிலியர் மாணவிகளுக்கும் பொது சுகாதாரம் படிக்கிறவர்களுக்கும் எஸ்டேட் மருந்தகங்களில் வேலை செய்கிறவர்களுக்கும் ஆய்வு முறை சொல்லிக் கொடுக்கும்போது திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. பதில்களில் ஒரு கற்பனை ஆள் அடிக்கடி வருவார்: கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிற அண்ணன். போகிற இடமெல்லாம் டீ குடிப்பார், சர்க்கரையோடு. அதைக் குறைக்க நினைக்கிறார். அவரைப் பற்றி வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

"ஒரே ஒரு ஆளை வச்சு ஆய்வுன்னா, அது கேஸ் ஸ்டடிதானே மேடம்?"

இல்லை. கேஸ் ஸ்டடியில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறோம். இதில் நாமே ஒன்றை மாற்றுகிறோம்; அந்த மாற்றத்தைத்தான் தலையீடு என்கிறோம். எப்போது மாற்றுவது என்பதையும் முன்கூட்டியே நாமே தீர்மானிக்கிறோம். மாற்றுவதற்கு முன்பும் பின்பும் ஒரே விஷயத்தை ஒரே விதமாகப் பல தடவை அளக்கிறோம். "கன்ட்ரோல் குரூப், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கிற குழு எங்கே?" என்று உடனே கேட்பார்கள். எந்தத் தலையீடும் இல்லாத நாட்களில் இருந்த அதே அண்ணன்தான் இங்கே கன்ட்ரோல்.

இது புது ஃபேஷனும் இல்லை. ஜெர்மனியில் உளவியலாளர் எபிங்ஹாஸ் மறதியைப் பற்றி 1885இல் வெளியிட்ட ஆய்வில் ஆய்வாளரும் அவரே, ஆய்வுக்கு உட்பட்டவரும் அவரே. நடத்தை ஆய்வில் இந்த வடிவமைப்புகளை முறைப்படுத்தி பேயர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் எழுதிய கட்டுரை 1968இல் வந்தது. மருந்துக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்டன் கயாட் குழுவினர், 1986இல். மருத்துவத்தில் இதை 'என்-ஆஃப்-ஒன்' என்பார்கள்.

"நூறு பேரை எடுத்துப் பார்த்தா இன்னும் நல்லதுதானே?"

எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பொறுத்தது. நூறு பேரின் சராசரி, அந்த நூறு பேரில் ஒருவருக்கும் பொருந்தாமல் போகலாம். சர்க்கரை வேண்டாம் என்று போனில் நினைவூட்டல் அனுப்பியதில் ஐம்பது பேருக்குச் சர்க்கரை டீ குறைந்து, ஐம்பது பேருக்கு எரிச்சலில் கூடியிருந்தால், சராசரி "பலன் இல்லை" என்று சொல்லும். அந்த வாக்கியம் யாரைப் பற்றியது?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆட்களுக்கு இடையே தெரிகிற உறவு, ஒரே ஆளுக்குள் தலைகீழாகவும் இருக்கலாம். தொடர்ந்து உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு மாரடைப்பு குறைவு. ஆனால் பழக்கமே இல்லாத ஒருவர் திடீரென்று மூச்சிரைக்க மேடேறினால், அந்த நேரத்துக்கு மட்டும் அவருக்கு அபாயம் கூடுகிறது. இரண்டும் உண்மை, இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். கூட்டத்தில் கண்டதை அப்படியே தனி ஆளுக்குள் இறக்க முடியாது என்று உளவியலாளர் பீட்டர் மோலனார் 2004இல் கணித ரீதியாக வாதிட்டார். நடத்தையை மாற்றுவது ஒவ்வொருவராக நடக்கிற வேலை என்பதால் நமக்கு இது முக்கியம்.

ஆனால் தடுப்பூசி வேலை செய்கிறதா, மரணம் குறைகிறதா போன்ற கேள்விகளுக்கு ஒரே ஆளிடம் போகாதீர்கள். திரும்பத் திரும்ப நடக்காததை ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப அளக்க முடியாது.

"எதை எண்ணுறது? டீயையா, சர்க்கரையையா, சுகர் டெஸ்ட்டையா?"

நடத்தையை எண்ணுங்கள். எச்பிஏ1சி என்கிற ரத்தப் பரிசோதனை கடந்த எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களின் ரத்தச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுவது, அன்றாட மாற்றத்தை அதில் பார்க்க முடியாது. சர்க்கரையை ஸ்பூன் கணக்கில் எழுதச் சொன்னால் அதுவும் நடக்காது. கடையில் மாஸ்டர் எவ்வளவு போட்டார் என்று அண்ணனுக்கு எப்படித் தெரியும்? வீடுகளில் பாத்திரத்திலேயே சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்திருப்பார்கள். ஆகவே அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்ததை அளவையாக வையுங்கள். இன்று எத்தனை சர்க்கரை டீ, எத்தனை வித்தவுட்? 'அரைச் சர்க்கரை' என்று கேட்டு வாங்கியதை எதில் சேர்ப்பது என்பதை முதல் நாளுக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பிறகு யோசித்தால் நமக்குச் சாதகமாகத்தான் யோசிப்போம்.

சர்க்கரை முக்கியமா என்றால், ஆம். ஸ்பூனுக்கு 4 கிராம் என்று குறைவாக வைத்தாலும், மூன்று ஸ்பூன் போட்ட ஆறு டீயில் 72 கிராம் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் வரம்பு அன்றாடச் சக்தியில் 10 சதவீதம், அதாவது 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராம்.

முடிந்தால் இன்னொருவரும் எண்ணட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு நாட்களுக்கு இரண்டாவது ஆளின் கணக்கு இருக்க வேண்டும், இரண்டு கணக்கும் 80 சதவீதமாவது ஒத்துப்போக வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. வண்டியில் மூட்டை ஏற்றுகிற தம்பி இதற்குச் சரியான ஆள். நடையை அளக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காலடி எண்ணும் செயலிக்கு ஏற்றமும் சமதளமும் ஒன்றுதான். மேட்டில் ஏறிய ஆயிரம் அடியையும் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நடந்த ஆயிரம் அடியையும் ஒன்றாக எழுதாதீர்கள். அந்தப் பிரபலமான 10,000 அடி இலக்கு, 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. ஆய்வில் பிறந்த எண் இல்லை.

"பேஸ்லைன் எத்தனை நாள் எடுக்கணும்?"

பேஸ்லைன் என்பது தலையீட்டுக்கு முன் எடுக்கிற அளவுகள். குறைந்தது ஐந்து அளவுகள் என்பது பலரும் பின்பற்றும் விதி. என்னைக் கேட்டால் நாள் கணக்கை விட வார கணக்கு நல்லது. சந்தை நாள், சம்பள நாள், ஞாயிறு என்று வாரத்துக்குள்ளேயே ஏற்ற இறக்கம் இருக்கிறது. முழு வாரங்களாக எடுத்தால் அது இரண்டு பக்கமும் சமமாக விழும்.

அதைவிட முக்கியம், அளவுகளை கிராஃபில் போட்டால் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பது. பேஸ்லைனிலேயே டீ தானாகக் குறைந்துகொண்டு வந்தால் தலையீட்டைத் தொடங்காதீர்கள். பிறகு குறைந்ததற்கு யார் காரணம் என்று சொல்ல முடியாது. காத்திருங்கள்.

"எழுத ஆரம்பிச்சதுமே அவருக்குக் குறைஞ்சிடுச்சு. இப்போ என்ன பண்றது?"

சந்தோஷப்படுங்கள், பிறகு காத்திருங்கள். எண்ணத் தொடங்கினாலே பழக்கம் கொஞ்சம் மாறும். பெரும்பாலும் சில நாட்களில் அந்தப் புது உற்சாகம் வடிந்து கோடு நிலைக்கு வரும். அதன் பிறகுதான் பேஸ்லைன் என்று சொல்லலாம்.

வடியவே இல்லை என்றால், எண்ணுவதே அவருக்கு மருந்து. அப்போது எண்ணுவதையே தலையீடாக வைத்துப் புது ஆய்வு வடிவமையுங்கள். அதற்கு அவர் கவனிக்காத வேறொரு அளவை வேண்டும், உதாரணமாகக் கடைக் கணக்கு நோட்டு. அவருடைய சம்மதத்தோடுதான்.

"ஏ-பி-ஏ-பின்னு சொல்றீங்க. நல்லா போய்க்கிட்டிருக்கிறதை எதுக்கு நிறுத்தணும்?"

ஏ என்பது தலையீடு இல்லாத கட்டம், பி என்பது உள்ள கட்டம். நம் அண்ணனுக்கு பி கட்டத்தில் காலையும் மதியமும் போனில் ஒரு செய்தி வருகிறது: "டீ சொல்லும்போதே சர்க்கரை வேண்டாம்னு சொல்லிடுங்க." முதல் தடவை ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்தது. செய்தியாலா? அதே வாரம் அவருடைய மாமாவுக்குக் காலில் புண் ஆறாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்ததாலா? ஒரே ஒரு மாற்றத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. செய்தியை நிறுத்தியதும் ஐந்தாக ஏறி, மறுபடி தொடங்கியதும் மூன்றுக்கு இறங்கினால், மாமா கதை நிற்காது. தற்செயல்கள் நம் அட்டவணையைப் பார்த்து வருவதில்லை.

வெவ்வேறு நேரங்களில் குறைந்தது மூன்று முறையாவது மாற்றம் நம் சொல் கேட்டு நடக்க வேண்டும் என்று அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வு மதிப்பீட்டுத் திட்டமான வாட் வொர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ் 2010இல் வெளியிட்ட தரவிதிகள் சொல்கின்றன. ஏ-பி-ஏ-பியில் கட்டம் மாறும் இடங்கள் மூன்று, கணக்கு சரியாகிறது. வெறும் ஏ-பி போட்டுவிட்டு "நிரூபித்துவிட்டேன்" என்று வருகிற ப்ராஜெக்ட்டுகள்தான் எங்கள் பக்கம் அதிகம். அவை நல்ல தொடக்கம், அவ்வளவுதான்.

"கத்துக்கிட்டதை மறந்துடுங்கன்னு எப்படிச் சொல்றது?"

சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கை கழுவும் முறையையோ, இன்சுலின் ஊசியை இடம் மாற்றிப் போடுவதையோ கற்றுக்கொண்டவரிடம் திரும்பப் பெற முடியாது. ஆபத்தான பழக்கத்தைத் திரும்ப வரவழைப்பதும் நியாயமில்லை. அங்கே பல பேஸ்லைன் வடிவமைப்பைப் பயன்படுத்துங்கள். மூன்று பேருக்கு ஒரே நாளில் பேஸ்லைனைத் தொடங்கி, பயிற்சியை மட்டும் ஒருவர் பின் ஒருவராகத் தள்ளித் தள்ளிக் கொடுப்பது. முதல் ஆளுக்குக் கொடுத்ததும் அவர் கோடு மட்டும் மாற வேண்டும், மற்ற இருவர் கோடும் அசையக் கூடாது. பிறகு இரண்டாவது ஆள், பிறகு மூன்றாவது. யாருக்கும் எதையும் நிறுத்தவில்லை, மூன்று முறை மாற்றமும் கிடைத்துவிட்டது.

மூன்று ஆட்கள் கிடைக்காவிட்டால் ஒரே ஆளின் மூன்று இடங்களும் போதும்: வீட்டு டீ, ஃபேக்டரி வாசல் டீ, மதியக் கடை டீ. மூன்று பேரை எடுக்கும்போது அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறவர்களா என்று பாருங்கள். ஒரே லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில்) அடுத்தடுத்த வீடு என்றால், முதல் ஆளுக்குச் சொன்னது அன்று மாலையே மூன்றாவது ஆளுக்குப் போய்விடும்.

"ஒரேயடியா விட முடியாதுங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் புகையிலையை விடுவேன்."

ஆய்வுக்கு வந்த ஒருவரே சொன்னது இது. அதற்கும் ஒரு வடிவமைப்பு உண்டு. ஹார்ட்மன், ஹால் இருவரும் 1976இல் சிகரெட் குறைப்பை உதாரணமாக வைத்து விளக்கிய படிப்படி இலக்கு முறை. நாளைக்குப் பத்து தடவை போடுகிறவருக்கு முதலில் எட்டு, அது நிலைத்த பிறகு ஏழு, அப்புறம் நான்கு என்று இலக்கை இறக்குவது. பழக்கம் ஒவ்வொரு படியிலும் இலக்கை ஒட்டியே நின்றால், இலக்குதான் அதை நகர்த்துகிறது என்று நம்பலாம்.

படிகளின் உயரமும் நீளமும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. எல்லாம் சீராக இருந்தால், தானாகவே குறைந்துகொண்டு வந்த கோட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. சிலர் நடுவில் ஒரு தடவை இலக்கைச் சற்று உயர்த்தியும் பார்ப்பார்கள். புகையிலையில் அதை நான் செய்ய மாட்டேன்.

"மழை வந்துடுச்சு மேடம், எல்லா டேட்டாவும் போச்சு."

போகவில்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கொட்டும்போது நடை ஆய்வு எதுவானாலும் கோடு விழத்தான் செய்யும். தலையீட்டை மே கடைசியில் நிறுத்தி, ஜூனில் நடை குறைந்ததைப் பார்த்து "நிறுத்தியதால் குறைந்தது" என்று எழுதினால் மட்டும்தான் டேட்டா கெட்டது. மழை, பனிமூட்டம், ரோட்டில் காட்டுமாடு நின்ற மாலை, எல்லாவற்றையும் அந்தந்த நாளுக்கு நேரே ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள். கிராஃபில் அந்த நாட்களுக்குத் தனி அடையாளம் போடுங்கள்.

இந்த மாவட்டத்தில் ஒரு வசதியும் இருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழைதான் பலம், அக்டோபருக்கு மேல். மேலே சொன்ன பல பேஸ்லைனில் ஒருவரைக் கூடலூரிலும் ஒருவரைக் கோத்தகிரியிலும் வைத்தால், மழை இருவருக்கும் வேறு வேறு நேரத்தில் வரும். தலையீட்டுத் தேதி மழைத் தேதியோடு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளலாம். பேசிக்கொள்கிற பிரச்சினையும் இல்லை.

"தொடங்குற நாளைக் குலுக்கிப் போடச் சொல்றீங்களே, எதுக்கு?"

இதற்கு டீயிலேயே பதில் இருக்கிறது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஒரு பெண்மணி, பாலை முதலில் ஊற்றினார்களா, டீயை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935இல் எழுதிய நூலில் இதையே சோதனையாக்கி விளக்குகிறார். எட்டுக் கோப்பை, நான்கில் பால் முதலில், நான்கில் டீ முதலில், வரிசை குலுக்கல் முறையில். எந்த நான்கு என்று வெறுமனே ஊகித்தால் 70 விதங்களில் ஒன்றுதான் முழுக்கச் சரியாக வரும். எட்டையும் சரியாகச் சொன்னால், தற்செயலுக்கு 70இல் ஒரு வாய்ப்பு. புள்ளியியலின் மிகப் புகழ்பெற்ற சோதனையில் கலந்துகொண்டவர் ஒரே ஓர் ஆள்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

நம் அண்ணனுக்கும் இதே கணக்குதான். தலையீடு தொடங்கக்கூடிய 20 நாட்களைக் குறித்து, ஒன்றைக் குலுக்கி எடுங்கள். முடிந்த பிறகு, அந்த 20 நாட்களில் ஒவ்வொன்றையும் தொடக்க நாளாக வைத்து முன்-பின் வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். உண்மையான தொடக்க நாளில்தான் வித்தியாசம் மிகப் பெரியது என்றால், அது தற்செயலாக அமைய 20இல் ஒரு வாய்ப்பு, அதாவது 5 சதவீதம். குலுக்காமல் "திங்கள் நல்ல நாள்" என்று தொடங்கியிருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. குலுக்கலுக்குப் பிறகு ஜோசியர் வேறு நாள் சொன்னார் என்று மாற்றினாலும்தான்.

"அவ்வளவு எதுக்கு, ஒரு டி-டெஸ்ட் போட்டா முடிஞ்சது இல்லையா?"

வேண்டாம். இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட், ஒவ்வோர் அளவும் மற்றதைச் சாராதது என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே ஆளின் இன்றைய பழக்கம் நேற்றையதைப் பெரும்பாலும் ஒத்திருக்கும். முப்பது நாள் டேட்டா இருந்தாலும் முப்பது தனித் தகவல் இல்லை. அதனால் இல்லாத பலனை உண்டு என்று சொல்லிவிடும் வாய்ப்பு கூடுகிறது.

முதலில் கிராஃபை வரைந்து கண்ணால் பாருங்கள். மட்டம் மாறியதா, சாய்வு மாறியதா, மாற்றம் உடனே வந்ததா, இரு கட்டப் புள்ளிகளும் எவ்வளவு கலந்து கிடக்கின்றன? பேஸ்லைனின் மிகக் குறைந்த புள்ளிக்கும் கீழே தலையீட்டுக் கட்டத்தின் எத்தனை சதவீதப் புள்ளிகள் இருக்கின்றன என்று கணக்கிடும் எளிய வழி 1987இலிருந்து புழக்கத்தில் உள்ளது. ஆனால் பேஸ்லைனில் ஒரு பந்த் நாள் வந்து, டீக்கடைகள் மூடி, கணக்கு பூஜ்யமாகிவிட்டால், அதற்குக் கீழே எந்தப் புள்ளியும் போக முடியாது. பலன் 0 சதவீதம் என்று வரும். எண்ணை மட்டும் அனுப்பி கிராஃபை அனுப்பாதவர்களின் அறிக்கையை நான் படிப்பதில்லை.

"மாத்திரை சாப்பிட்டா உடம்பு வலிக்குதுன்னு நிறுத்திடறாங்க. அதுக்கு இது உதவுமா?"

நன்றாக உதவும், மருத்துவர் நடத்தினால். லண்டனில் செய்து 2020இல் வெளியான சாம்சன் ஆய்வு இதற்குப் பொருத்தமான உதாரணம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பக்க விளைவு என்று நிறுத்திவிட்ட 60 பேர். ஒவ்வொருவருக்கும் 12 மாதம்: நான்கு மாதம் ஸ்டாட்டின், நான்கு மாதம் வெற்று மாத்திரை, நான்கு மாதம் எதுவும் இல்லை, மாதங்களின் வரிசை குலுக்கல் முறையில். தினமும் உபாதையைப் போனில் பதிந்தார்கள். ஸ்டாட்டினில் வந்த உபாதையில் சுமார் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. தங்கள் சொந்த கிராஃபைப் பார்த்த பிறகு பாதிப் பேர் மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். அவர்களுடைய வலி பொய்யில்லை, காரணம்தான் வேறு.

ஆனால் வீட்டில் யாரும் பிபி மாத்திரையை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டாம். அம்லோடிபின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டு ஒப்பிட்டால் எதுவும் தெரியாது, ஆபத்துதான் மிச்சம்.

"நடுவுல சில நாள் எழுதலை. நானே போட்டு நிரப்பிடட்டுமா?"

கூடாது. காலியாக விட்டு, ஏன் என்று எழுதுங்கள். சிக்னல் இல்லாத நாள் என்றால் பெரிய பிரச்சினை இல்லை. அதிகமாகக் குடித்த நாட்களில் வெட்கப்பட்டு எழுதாமல் விட்டிருந்தால் அதுதான் பிரச்சினை.

"ஒருத்தர்தானே, எதிக்ஸ் கமிட்டி எல்லாம் வேணுமா?"

உங்கள் பழக்கத்தை நீங்களே நோட்டில் எழுதிப் பார்ப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். இன்னொருவரை வைத்துச் செய்து, பொது அறிவாக வெளியிட நினைத்தால் அது ஆய்வு. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்) 2017 நெறிமுறைப்படி நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் எழுத்துப்பூர்வச் சம்மதமும் வேண்டும். ஆள் எண்ணிக்கை குறைவு என்பது விலக்கு ஆகாது.

சொல்லப்போனால் ஒரே ஆள் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். நூறு பேர் ஆய்வில் யாரும் யாரையும் அடையாளம் காண முடியாது. "கோத்தகிரி அருகே ஒரு ஹட்டியில், 52 வயது, பாய்லர் வேலை, புகையிலைப் பழக்கம்" என்று எழுதினால் ஊரில் டீக்கடை வரை எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். வயதை நாற்பதுகளில், ஐம்பதுகளில் என்று வரம்பாகக் கொடுங்கள், வேலையைப் பொதுவாகச் சொல்லுங்கள், ஊரை விட்டுவிடுங்கள். அச்சுக்குப் போகும் முன் அவரிடமே படித்துக் காட்டுங்கள்.

"ஒருத்தருக்குச் சரியா வந்ததை ஊருக்கே சொல்லலாமா?"

ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. அதே முறையை இன்னொருவரிடம், வேறு வயதினரிடம், வேறு ஆய்வாளர் கையில் செய்து, எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்யவில்லை என்று சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரே அளவையைப் பயன்படுத்திய தனி ஆய்வுகள் பல சேர்ந்தால் அவற்றைப் புள்ளியியல் மாதிரியில் ஒன்றிணைக்கலாம். சாம்சனின் 60 பேர் அப்படித்தான் ஒரு முடிவாக ஆனார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் சான்று சார்ந்த மருத்துவ மையம் 2011இல் வெளியிட்ட தர வரிசையில், சிகிச்சைப் பலனுக்கான முதல் நிலைச் சான்றுகளில் குலுக்கல் முறை ஆய்வுகளின் தொகுப்போடு என்-ஆஃப்-ஒன் ஆய்வுக்கும் இடம் உண்டு.

"செய்தி அனுப்பினப்போ குறைஞ்சுது. நிறுத்தினப்போ ஏறவே இல்லை. ஜெயிச்சோமா, தோத்தோமா?"

அண்ணன் ஜெயித்தார். உங்கள் ஏ-பி-ஏ-பி தோற்றது. இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன: ஒன்று, பழக்கம் ஊறிவிட்டது, இனி செய்தி தேவையில்லை. இன்னொன்று, செய்திக்குச் சம்பந்தமே இல்லாமல் மாமாவின் கால் புண்தான் ஆரம்பத்திலிருந்தே வேலை செய்தது. இந்த டேட்டாவை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஏற வைப்பதற்காக அவரைச் சர்க்கரை டீ குடிக்கச் சொல்லவும் முடியாது.

செய்யக்கூடியது: அறிக்கையில் இரண்டு விளக்கங்களையும் எழுதி, அடுத்த இரண்டு ஓட்டுநர்களைத் தேடுங்கள். தொடக்க நாளைக் குலுக்கிப் போட்டு, பல பேஸ்லைன் முறையில் தொடருங்கள். முதல் அண்ணனிடம் மாதம் ஒரு வாரம் மட்டும் எண்ணிக்கை வாங்கிக்கொண்டிருங்கள். அவர் ஒத்துக்கொண்டால்.